கோர்ட்டுக்காக மூன்று மதிப்பீடுகள்: கூடவே போன அக்காவின் அனுபவம்

"பாப்பாவைப் போட்டுட்டு எங்கேயாவது ஓடிடலாம் போல இருக்கு." என் சித்தி மகள், குழந்தையின் இரண்டு மாதத் தடுப்பூசிக்குப் போன இடத்தில், நர்ஸ் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதற்குச் சொன்ன பதில் இது. பிள்ளை பெற்ற எத்தனையோ பெண்கள் வாயில் வந்த வார்த்தைதான். போனில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் "குழந்தையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும் போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டார். அடுத்த நிமிடம் எடை பார்க்கக் குழந்தையின் சட்டையைக் கழற்றினார்கள். இடுப்புக்குக் கீழே, முதுகின் அடியில், உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்த மாதிரி ஒரு அடையாளம். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் குழந்தை அவள் கையில் இல்லை.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில். இங்கே டாக்டர், நர்ஸ், டீச்சர் யாராக இருந்தாலும் சந்தேகம் வந்தால் புகார் செய்தே ஆக வேண்டும், அது சட்டம். அந்த நர்ஸ் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தங்கைக்கு உண்மையிலேயே உடம்பும் மனசும் சரியில்லாமல்தான் இருந்தது. ஐந்து நாளாகக் குளிக்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. பத்து மைல் தள்ளி இருக்கும் நானே அதைக் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை விசா ஸ்டாம்பிங்குக்காகச் சென்னை போய் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். சித்தி வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுக் கும்பகோணம் திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பம் மூன்று மதிப்பீடுகளைப் பார்த்தது. குழந்தைக்கு உடல் பரிசோதனை ஒன்று, தாய்க்கு மனநல மதிப்பீடு இரண்டு. ஒன்று மிக நன்றாக இருந்தது, ஒன்று எங்களைப் படுகுழியில் தள்ளப் பார்த்தது, ஒன்று அந்தக் குழியிலிருந்து தூக்கிவிட்டது. மளிகைக் கடைக்கும் நீச்சல் வகுப்புக்கும் எப்படிப் பார்த்து விமர்சனம் எழுதுவேனோ அதே மாதிரி இதையும் எழுதுகிறேன், ஏனென்றால் இப்படி ஒரு உத்தரவு கையில் வரும் தமிழ்க் குடும்பத்துக்கு யாரிடம் விசாரிப்பது என்றே தெரியாது. வெட்கத்தில் வெளியே சொல்லவும் மாட்டார்கள். இந்த வழக்குகளின் கோப்பு ரகசியமானது. அதனால் பெயர், ஊர், கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) எதையும் சொல்லப் போவதில்லை. தங்கை இதைப் படித்துப் பார்த்து, "போடு அக்கா" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

முதலில் குழந்தையின் பரிசோதனை. கவுன்ட்டியின் குழந்தைப் பாதுகாப்புத் துறை குழந்தையை எடுத்துச் சென்றால் 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் மனு தாக்கல் செய்ய வேண்டும், அதற்கு அடுத்த கோர்ட் நாளில் நீதிபதி முன் வர வேண்டும், சனி ஞாயிறு கணக்கில் வராது. அந்த முதல் விசாரணையில் மூன்று வக்கீல்கள் இருந்தார்கள். கவுன்ட்டிக்கு ஒருவர், குழந்தைக்கு ஒருவர், தங்கைக்குக் கோர்ட்டே நியமித்த ஒருவர். இரண்டு மாதக் குழந்தைக்குத் தனி வக்கீல் என்று கேட்டு எனக்குத் தலை சுற்றியது, ஆனால் கடைசியில் அந்த அம்மாதான் எங்களுக்குப் பெரிய துணையாக இருந்தார். நீதிபதி குழந்தையை என்னிடம் ஒப்படைத்தார். அதற்கு முன்பே என் கைரேகையை எடுத்து, வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது, அலாரம் வேலை செய்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கூடவே குழந்தைக்கு முழு உடல் பரிசோதனைக்கு உத்தரவு.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். கவுன்ட்டி கையில் குழந்தை இருக்கிறது என்பதற்காக, பெற்றவர்களுக்குத் தெரிவிக்காமல், அவர்கள் சம்மதமோ கோர்ட் உத்தரவோ இல்லாமல், தன்னிஷ்டத்துக்குப் பரிசோதனை செய்துவிட முடியாது. சான் டியேகோ கவுன்ட்டி மேல் மான் என்ற குடும்பம் போட்ட வழக்கில் 2018-இல் ஒன்பதாம் சரக ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எங்கள் வக்கீல் இதை நினைவூட்டியதால் பரிசோதனை நாள், நேரம் தங்கைக்கு முன்கூட்டியே தெரிந்தது. அவளும் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே குழந்தை அழும்போதெல்லாம் அவள் சட்டை நனைந்தது. பால் கட்டிக்கொண்டு துடித்தவளைப் பார்த்த அங்கிருந்த நர்ஸ் ஒருவர் கேட்காமலேயே ஒரு அறையும் பம்பும் கொடுத்து, எடுத்த பாலைப் பையில் போட்டு லேபிள் ஒட்டி என்னிடம் கொடுத்தார். அந்த இடத்துக்கு நான் நல்ல மார்க் போடுவதற்கு அந்த ஒரு காரியமே போதும்.

பரிசோதித்தவர் குழந்தை வதை மருத்துவத்துக்கென்றே தனித்தேர்வு எழுதிய டாக்டர். 2009-இலிருந்துதான் அமெரிக்காவில் இந்தத் தேர்வு நடக்கிறதாம். அறுபது வயது இருக்கும், மெதுவாகப் பேசினார். குழந்தையின் கன்னத்தில் நான் வைத்துவிட்டிருந்த திருஷ்டிப் பொட்டைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "துடைக்கலாமா, அடியில் தோலைப் பார்க்க வேண்டும்" என்று என்னிடம் அனுமதி கேட்டு, பஞ்சால் துடைத்து, பார்த்துவிட்டு, "வேண்டுமானால் கிளம்பும்போது திரும்ப வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அந்த நீல அடையாளத்துக்கு அவர் செய்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் குழந்தைகளில் நிறையப் பேருக்கு இது உண்டு. பிறக்கும்போதே வரும் நிறத் திட்டு. தோலின் அடி அடுக்கில் நிறமி தங்குவதால் நீலமாகத் தெரியும், இடுப்பிலும் புட்டத்திலும்தான் பெரும்பாலும் இருக்கும், சில வருடங்களில் தானே மறையும். நம் பாட்டிமார் பார்த்தால் மச்சம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வெள்ளைக்காரக் குழந்தைகளில் இது அபூர்வம், அதனால் பழக்கமில்லாத கண்ணுக்கு அடிபட்ட காயம் மாதிரி இருக்கும். டாக்டர் ஒரு சின்ன அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். குழந்தை அழவில்லை, வீக்கம் இல்லை. அப்புறம் பிரசவ ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் குறிப்பை வரவழைத்தார். பிறந்த மறுநாள் பார்த்த டாக்டர் அதில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: முதுகின் அடியில் நீலநிறத் திட்டு, பிறவியிலேயே உள்ளது. அந்த ஒரு வரிதான் எங்களைக் காப்பாற்றியது. உங்கள் குழந்தைக்கு இப்படி இருந்தால், பிறந்தவுடன் குறிப்பில் எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் அடுத்த செக்கப்பில் கேட்டு எழுத வையுங்கள்.

அதோடு விடவில்லை. இரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குச் சந்தேகம் என்று வந்தால் எலும்பு எலும்பாக எக்ஸ்ரே எடுப்பது வழக்கம். கை தனி, கால் தனி, விலா எலும்பு இரண்டு பக்கமும் தனி, மண்டை தனி என்று இருபதுக்கு மேல் படம். ஈயக் கவசம் போட்டுக்கொண்டு நான் கூடவே நின்று பாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டேன். இரத்தம் உறையும் தன்மையையும் தட்டணுவையும் (பிளேட்லெட்) பார்க்க இரத்தம் எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே. ஏன் மறுபடி என்று கேட்டேன். புதிதாக விழுந்த மெல்லிய விரிசல் முதல் படத்தில் தெரியாது, ஆறத் தொடங்கும்போதுதான் தெரியும் என்று படம் வரைந்து காட்டினார். அதே நாளில் நீலத் திட்டையும் அதே அளவுகோலோடு மறுபடி படம் எடுத்தார். அடிபட்ட காயமாக இருந்தால் இரண்டு வாரத்தில் பச்சை, மஞ்சள் என்று மாறி மறைந்திருக்கும். இது ஒரு மில்லிமீட்டர் கூட மாறவில்லை. அவர் அறிக்கை மூன்றே பக்கம். என்ன பார்த்தேன், எப்படிப் பார்த்தேன், அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை. அடித்ததாகச் சொன்ன பகுதியைக் கவுன்ட்டி மனுவிலிருந்து எடுத்துவிட்டது.

குறை என்று சொன்னால் பார்க்கிங்தான். மூன்றாம் மாடி வரை சுற்றினோம். குழந்தையோடு போகிறவர்கள் அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள்.

இனி இரண்டாவது. அதாவது, தங்கைக்கு நடந்த முதல் மனநல மதிப்பீடு. இதைக் கோர்ட் உத்தரவு போடவில்லை. முதல் விசாரணை முடிந்த வாரமே கவுன்ட்டியின் சோஷியல் வொர்க்கர், "நீங்களாகவே போய் வந்தால் நீதிபதி நல்லபடியாக எடுத்துக்கொள்வார்" என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். நாங்களும் ஒத்துழைத்தால் குழந்தை சீக்கிரம் வந்துவிடும் என்று நம்பி, வக்கீலைக் கேட்காமலேயே போனோம். நானும்தான் போ என்று சொன்னேன். அந்தத் தப்பை நான் இன்னும் மனசுக்குள் சுமக்கிறேன். கலிஃபோர்னியாவில் 1994-இலேயே லாரி எஸ். வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது: மனுவில் இருப்பது உண்மை என்று விசாரித்து முடிவு செய்வதற்கு முன், வெறும் குற்றச்சாட்டை மட்டும் வைத்துத் தாயை உளவியல் மதிப்பீட்டுக்குக் கட்டாயப்படுத்த முடியாது. வக்கீல் இதைச் சொன்னபோது அறிக்கை ஏற்கெனவே சோஷியல் வொர்க்கர் மேஜையில் இருந்தது.

அந்த அலுவலகம் சுத்தமாக இருந்தது, நாற்காலி நன்றாக இருந்தது, தண்ணீர் கொடுத்தார்கள். காலை ஒன்பதுக்கு உள்ளே போனவளிடம் ஒரு கிளிப் போர்டைக் கொடுத்தார்கள். ஆளுமையையும் மனநிலையையும் அளக்கும் எம்எம்பிஐ-2 என்ற கேள்வித்தாள். 567 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தப்பு. முழுக்க ஆங்கிலம். தங்கை பி.காம். படித்தவள், ஆங்கிலம் படிப்பாள். ஆனால் "நான் இப்படி ஒருபோதும் நினைத்ததில்லை" என்ற மாதிரி வாக்கியத்துக்கு "தப்பு" என்று குறித்தால் என்ன அர்த்தம் என்று, தூக்கமில்லாமல், மார்பு கனக்க, ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டு மத்தியானம் ஒன்றரை வரை உட்கார்ந்திருந்தாள். நடுவில் பால் எடுக்க இடம் கேட்டதற்குக் கழிவறையைக் காட்டினார்கள்.

அந்தக் கேள்வித்தாளில், தன்னை அளவுக்கு மீறி நல்லவராகக் காட்டிக்கொள்கிறாரா என்று பார்க்க ஒரு பகுதி உண்டு. சின்னச் சின்னக் குறைகளைக் கூட ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு அதில் மதிப்பெண் ஏறும். கட்டுப்பாடாக, பக்தியாக வளர்ந்தவர்களுக்கும் ஏறும் என்பது அந்தத் துறைக்காரர்களுக்கே தெரிந்த விஷயம். எங்கள் தங்கை பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று வளர்ந்தவள். யாரையும் திட்டியதில்லை, கோபப்பட்டதில்லை என்று எல்லாவற்றுக்கும் குறித்திருக்கிறாள். அறிக்கையில் "தற்காப்பு மனோபாவம், மறைக்கிறார்" என்று வந்தது.

அப்புறம் ஒரு மணி நேரப் பேட்டி. மேஜை மேல் ஸ்பீக்கர் போன், அதில் மொழிபெயர்ப்பாளர். லைன் இரண்டு முறை அறுந்தது, இரண்டாவது முறை வேறொருவர் வந்தார். தங்கை நாலு வாக்கியம் பேசினால் அவர் ஒரு வாக்கியம் சொன்னார். "யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா?" என்று கேட்டார்கள். "ஆமா, ராத்திரியெல்லாம் பாப்பா அழற மாதிரியே கேட்டுக்கிட்டே இருக்கும்" என்றாள். அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். கைக்குழந்தை வைத்திருந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும், குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தில் கூடக் குழந்தை அழுகிற மாதிரி இருக்கும், ஓடி வந்து பார்த்தால் தூங்கிக்கொண்டிருக்கும். அறிக்கையில் அது "இல்லாத குரல்கள் கேட்பதாக ஒப்புக்கொண்டார்" என்று ஆனது.

ஒன்பது பக்க அறிக்கையில் நாலு பக்கம் கேள்வித்தாளைப் பற்றிய பொது விளக்கம், யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். குழந்தையோடு அவளை ஒரு நிமிடம் கூடப் பார்க்கவில்லை. என்னிடம் பேசவில்லை, சித்தியிடம் பேசவில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், சிகிச்சையால் பயன் கிடைக்குமா என்பது சந்தேகம் என்று ஒரு வரி. அந்த வரி எவ்வளவு ஆபத்தானது என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை. மனநோயால் தாய் எந்த உதவியையும் பயன்படுத்திக்கொள்ள முடியாதவர் என்று நிபுணர்கள் இரண்டு பேர் சொல்லிவிட்டால், குழந்தையைத் திரும்பச் சேர்ப்பதற்கான உதவியே கொடுக்க வேண்டியதில்லை என்று கோர்ட் முடிவெடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எங்களிடம் ஒன்று ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. இதை வக்கீல் எனக்கு விளக்கிய ராத்திரி, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

அந்த அலுவலகத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை. மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் ஒரு தாயையும் குழந்தையையும் பற்றித் தீர்மானம் எழுதும் வேலைக்கு மரியாதை மட்டும் போதாது. அமெரிக்க உளவியல் சங்கம் குழந்தைப் பாதுகாப்பு வழக்குகளில் மதிப்பீடு செய்வதற்கென்றே வழிகாட்டுதல் வைத்திருக்கிறது, 2011-இல் திருத்தி ஏற்றது. ஒரே ஒரு வழியில் தகவல் சேர்க்காதே, பல வழியில் சேர். கிடைத்ததற்கு மேல் அர்த்தம் எடுக்காதே. மொழியையும் பண்பாட்டையும் கணக்கில் எடு. நீ சொல்வது யாருக்குப் போகும் என்று எதிரில் இருப்பவருக்கு முதலிலேயே சொல். இந்த நாலில் ஒன்று கூட அங்கே நடக்கவில்லை.

மனுவில் இருப்பது உண்மையா என்று பார்க்கும் விசாரணை வந்தபோது, சிகிச்சை இல்லாத மனச்சோர்வால் குழந்தைக்கு ஆபத்து இருந்தது என்ற பகுதி மட்டும் நின்றது. எங்களுக்கு அதை மறுக்க மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. தங்கையின் வக்கீலும் குழந்தையின் வக்கீலும் சேர்ந்து, கோர்ட்டே ஒரு நிபுணரை நியமிக்க வேண்டும் என்று கேட்டார்கள். கலிஃபோர்னியாவின் சாட்சியச் சட்டமான எவிடன்ஸ் கோட் 730-ஆம் பிரிவின் கீழ் நீதிபதி நியமித்தார். இந்த முறை உத்தரவில் கேள்விகளை எழுதியே வாங்கினார்கள். இவருக்கு மனநோய் இருக்கிறதா, என்ன? அது குழந்தையைக் கவனிப்பதை எப்படிப் பாதிக்கிறது? என்ன சிகிச்சை? சிகிச்சை கிடைத்தால் சட்டம் கொடுக்கும் காலத்துக்குள் குழந்தை பத்திரமாக வீடு திரும்ப முடியுமா? கூடவே, தமிழ் மொழிபெயர்ப்பாளர் நேரில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி. மூன்று மதிப்பீட்டிலும் எதையாவது ஒன்றைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி என்ன என்பது தாளில் இருக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர் அறைக்குள் இருக்க வேண்டும். முதல் அலுவலகத்திடம் யாரும் எந்தக் கேள்வியும் எழுதிக் கொடுக்கவில்லை, அதனால் அவர்கள் தங்களுக்குத் தெரிந்த கேள்வித்தாளைக் கொடுத்தார்கள்.

மூன்றாவது இடம் பழைய வீடு ஒன்றின் முன்னறை. ஹீட்டர் சத்தம் போடும். உளவியலாளர் ஐம்பது வயது தாண்டிய பெண். முதல் நாள் உட்கார்ந்ததும் அவர் சொன்னது: "நான் உங்கள் டாக்டர் இல்லை. நீங்கள் என்னிடம் சொல்வது நீதிபதிக்குப் போகும், வக்கீல்கள் படிப்பார்கள். சொல்ல விருப்பமில்லாததைச் சொல்ல வேண்டாம். குழந்தைக்குப் பால் எப்போது எடுக்க வேண்டும்?" மொழிபெயர்த்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், மதுரைக்காரர். ஒரு வார்த்தை புரியாவிட்டால் நிறுத்திக் கேட்டார். தங்கையைப் பேச விட்டு, அவள் அழுதால் காத்திருந்தார்கள்.

மூன்று வாரத்தில் மூன்று முறை, மொத்தம் ஏழு மணி நேரத்துக்கு மேல். கேள்வித்தாள்கள் அங்கேயும் உண்டு, ஆனால் முதலில் கொடுத்தது எடின்பரோ பிரசவகால மனச்சோர்வு அளவுகோல். பத்தே கேள்விகள், 1987-இல் உருவானது. அதன் தமிழ் வடிவத்தை எடுத்து வைத்திருந்தார். வேலூரில் நம் தாய்மார்களிடம் சோதித்துப் பார்த்து 2005-இல் வெளிவந்த ஆய்வைப் படித்துவிட்டுத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னார். தமிழ் எழுத்தைப் பார்த்ததும் தங்கை ஒரு நிமிடம் தாளைத் தடவிக்கொண்டே இருந்தாளாம். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. "எப்போதாவது" என்பதில் டிக் போட்டாள். முப்பதுக்குப் பத்தொன்பது. உளவியலாளர் பதறவில்லை. எப்போது வந்தது, என்ன நினைத்தாய், அப்போது என்ன செய்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, அன்றைக்கே வக்கீல் மூலம் ஒரு டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொன்னார்.

குரல் கேட்கிற கேள்வியையும் கேட்டார். தங்கை அதே பதிலைச் சொன்னாள். "அப்போ என்ன செய்வீங்க?" "எழுந்து போய்ப் பார்ப்பேன்." "பார்த்தா?" "தூங்கிட்டிருக்கும்." "அப்புறம்?" "கொஞ்ச நேரம் அங்கேயே நின்னுட்டு வந்து படுப்பேன்." இந்தக் கேள்வி பதில் அப்படியே அறிக்கையில் இருக்கிறது. அடுத்த வரியில், இது மனப்பிரமை இல்லை, தூக்கம் கெட்ட தாய்மார்களிடம் சாதாரணம் என்று எழுதியிருக்கிறார்.

ஒரு நாள் என் வீட்டுக்கே வந்து தங்கை குழந்தையைக் குளிப்பாட்டுவதைப் பார்த்தார். கண்காணிப்பில் குழந்தையைச் சந்திக்கும் நேரத்தில் அவள் நம் ஊர் வழக்கப்படி காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் குழந்தையைப் போட்டு, எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, தலையில் தண்ணீர் ஊற்றுவாள். கண்காணித்த உதவியாளர் ஒருவர் "மூக்கைப் பிடித்து இழுக்கிறார்" என்று குறிப்பு எழுதியிருந்தார். உளவியலாளர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். "எங்கம்மா." "உங்களுக்கு இப்போ என்ன தோணுது?" "பாப்பா என்னையே பார்க்கிறா." முகத்தில் தண்ணீர் விழாமல் இவள் கையை நெற்றியில் அணைகட்டிய மாதிரி வைத்ததைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறார். இரவு ஒன்பது மணிக்குக் கும்பகோணத்துக்கு வீடியோ கால் போட்டுச் சித்தியிடம் அரை மணி பேசினார். என்னிடம் இரண்டு முறை. குழந்தை டாக்டரின் மூன்று பக்கத்தையும், பிரசவ ஆஸ்பத்திரிக் குறிப்பையும், முதல் அறிக்கையையும் முழுக்கப் படித்திருந்தார்.

இருபத்திரண்டு பக்க அறிக்கையில் கோர்ட்டின் நாலு கேள்விக்கும் நாலு தலைப்பு. பிரசவத்தை ஒட்டி வந்த மனச்சோர்வு, நடுத்தர அளவு. மாத்திரை, பால் கொடுக்கும் தாய் சாப்பிடக்கூடியது. தமிழில் பேசும் ஆலோசகர், வீடியோவில் ஆனாலும் சரி. இரவில் வீட்டில் இன்னொரு பெரியவர். ஆறு மாதத்துக்குள் குழந்தை வீடு திரும்ப முடியும். பதினாறாம் பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு: "போட்டுட்டு" என்ற தமிழ்ச் சொல்லுக்கு இந்த இடத்தில் "விட்டுவிட்டு" என்றுதான் அர்த்தம், கீழே எறிவது அல்ல, இதை மொழிபெயர்ப்பாளரிடமும் தாயின் தாயாரிடமும் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒரு வார்த்தையில் ஆரம்பித்த வழக்கில் அந்த வார்த்தையைப் போய் விசாரித்த ஒரே ஆள் அவர்தான்.

குறை இங்கேயும் உண்டு. உத்தரவு வந்து முதல் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க ஏழு வாரம் ஆனது. மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தை என்றால் பெற்றோருக்கு உதவி கொடுக்கும் காலமே முதலில் ஆறு மாதம்தான். 22 மாதத்தில் 15 மாதம் குழந்தை ஃபாஸ்டர் கேரில் (பெற்றோரைப் பிரிந்து வேறொருவர் வளர்ப்பில்) இருந்தால் பெற்றோர் உரிமையை முடித்துவைக்கும் மனு வரலாம் என்று 1997-ஆம் வருட ஃபெடரல் சட்டம் வேறு இருக்கிறது. இப்படிக் கடிகாரம் ஓடும் இடத்தில் ஏழு வாரம் சின்ன விஷயம் இல்லை. ஏழு வாரத்தில் குழந்தை குப்புற விழக் கற்றுக்கொண்டது, அதை முதலில் பார்த்தது அவள் அம்மா இல்லை, நான். நல்ல மதிப்பீட்டாளர்கள் குறைவு என்பதால் எல்லோரும் அங்கேயே போகிறார்கள். உத்தரவு போட்ட அன்றே உங்கள் வக்கீல் தேதி கேட்டுப் போன் செய்தாரா என்று விசாரியுங்கள். அறிக்கையும் விசாரணைக்கு மிக நெருக்கத்தில்தான் வந்தது, ஒரே ராத்திரியில் படிக்க வேண்டியிருந்தது. செலவு எங்களுக்கு ஒரு டாலர் கூட இல்லை, கோர்ட் நியமித்ததால்.

மதிப்பீட்டுக்குப் போகிறவர்கள் கையில் கொண்டு போக வேண்டியது: உத்தரவின் நகல், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், பிரசவக் குறிப்பு, ஒரு சால்வை, சாப்பாடு. தங்கைக்குத் தயிர் சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக் கொடுத்தேன், மூன்று நாளும் சாப்பிட்டுவிட்டு வந்தாள். உங்கள் பதிலை மனப்பாடம் செய்து கொண்டு போகாதீர்கள். மொழிபெயர்ப்பு தப்பாகப் போகிறது என்று தோன்றினால் கையை உயர்த்தி "அப்படிச் சொல்லவில்லை" என்று அங்கேயே சொல்லுங்கள். மரியாதைக் குறைவு இல்லை.

ஆறாவது மாத விசாரணையில் குழந்தை வீட்டுக்குப் போனது. மாப்பிள்ளை அதற்குள் வந்துவிட்டிருந்தார். எடின்பரோ அளவுகோலை மறுபடி போட்டுப் பார்த்தபோது எட்டு. சித்தி ஆறு மாத விசாவில் வந்து இருந்துவிட்டுப் போனார்.

குழந்தை டாக்டர் கடைசி நாளில் தனியாக ஒரு கடிதம் கொடுத்திருந்தார், நீலத் திட்டு பிறவியிலேயே இருப்பது என்று, அளவுகோல் வைத்து எடுத்த படத்தோடு. "டயப்பர் பையில் வைத்துக்கொள்ளுங்கள், டேகேரில் சேர்க்கும்போது காட்டுங்கள்" என்றார். பாப்பாவுக்கு இப்போது ஒன்றேகால் வயது. திட்டு பாதி மங்கிவிட்டது. கடிதம் பிளாஸ்டிக் உறையில் இன்னும் அந்தப் பையில்தான் இருக்கிறது. டயப்பர் மாற்றும்போதெல்லாம் தங்கை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஜிப்பை மூடுகிறாள்.